பள்ளிக் கட்டட நிதி: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தும் அசைவில்லை.

பதில்: மனு போன இடம் தவறு, அம்மா. ஒன்றியப் பள்ளியில் ஆசிரியரும் பாடமும் கல்வித் துறையின் பொறுப்பு. கட்டடமோ ஒன்றியத்தின் சொத்து. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட்டால்தான் கோப்பு நகரும். ‘பள்ளி பழுதடைந்துள்ளது’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வகுப்பறை, எப்போது கட்டியது, எந்த மூலையில் கம்பி துருவேறியிருக்கிறது என்று எழுதிப் படமும் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலும் இருந்தால் தட்டிக்கழிப்பது கடினம். அதுவரை அந்த அறையைப் பூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தலைமையாசிரியர் நான். 86 பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளி மானியத்தில் வகுப்பறை கட்டலாமா?

பதில்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதிலும் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தாழ்ப்பாள், குழாய், வெள்ளையடிப்பு, அவ்வளவுதான்.

கேள்வி: பேராசிரியர் அன்பழகன் திட்டத்தில் 18,000 வகுப்பறைகள் என்றார்களே, எங்கள் பள்ளி ஏன் பட்டியலில் இல்லை?

பதில்: 2022-23 பட்ஜெட்டில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்த திட்டம் அது. உங்கள் பள்ளி விடுபட்ட காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் பள்ளி விவரங்களை ஆண்டுதோறும் அரசு திரட்டும் யூடைஸ் (UDISE) படிவத்தைப் பாருங்கள். வகுப்பறைகளை நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்துக் கேட்கிறார்கள். போன ஆண்டுப் பதிலையே அப்படியே பதிவேற்றும் பள்ளிகள் உண்டு. ஒழுகும் கூரை கணினியில் ‘நல்ல நிலை’ என்று இருந்தால் சென்னையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: ஊரில் பணம் திரட்டத் தயார். அரசு மீதியைத் தருமா?

பதில்: ‘நமக்கு நாமே’ திட்டம் அதற்குத்தான். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு. முதலில் மதிப்பீட்டை வாங்குங்கள், பிறகு வசூலுக்குப் போங்கள். தலைகீழாகச் செய்த ஊர்களில் சண்டைதான் மிச்சம்.

கேள்வி: என் மகன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே?

பதில்: உதவி என்பது பெரும்பாலும் ஆசிரியர் சம்பளம். கட்டடம் நிர்வாகத்தின் பாடு. 2021 டிசம்பரில் நெல்லையில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும் உதவி பெறும் பள்ளியில்தான். கட்டட உறுதிச் சான்றைக் காட்டும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், ஐயா. மழுப்பினால் அதே கடிதத்தின் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.