முதுகில் கம்பி வைத்த பிறகு: கேள்விகளும் பதில்களும்

(முள்ளந்தண்டு எலும்புகளை ஒன்றுசேர்க்கும் சத்திரசிகிச்சைக்குப் பின் தேறிவருவது பற்றிய கேள்விகள். பதிலளிப்பவர் கொழும்பில் சத்திரசிகிச்சை விடுதிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்.)

வந்த வரிசையில் பதில் சொல்வதாகத்தான் இருந்தேன். தெகிவளைக் கேள்வியைப் பார்த்ததும் வரிசையைக் கலைத்துவிட்டேன். எம்.ஆர்.ஐ. படங்களை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கள் மிஸ்" என்றவர்கள் மன்னிக்கவும். அது உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை.

தெகிவளை: அம்மாவுக்கு இடுப்பில் கம்பி வைத்து மூன்று கிழமை. நேற்றிலிருந்து இரண்டு கால்களும் விறைக்கின்றன. உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவு என்கிறார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. திங்கட்கிழமை கிளினிக் இருக்கிறது. அதுவரை என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: பயிற்சி வேண்டாம், திங்கட்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்பியுலன்ஸ் இலவசம். டயக்னோசிஸ் கார்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் இறங்கும் நரம்புக்கற்றை நெரிபடும்போது இந்த அறிகுறிகள் வரும். அது மணித்தியாலக் கணக்கில் தீர்க்க வேண்டிய விடயம். பிந்தினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், தையலிலிருந்து சீழோ நீரோ கசிவது, புதிதாகப் பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி நோவது, திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு நோவது: இவற்றில் எதுவும் கேள்வி எழுதி அனுப்பிக்கொண்டிருக்கும் விடயமல்ல.

வெள்ளவத்தை: பத்து வருட முதுகுவலிக்குப் பிறகு நாலாம், ஐந்தாம் எலும்புகளைச் சேர்த்தார்கள். நாலு மாதமாகிவிட்டது. காலுக்கு இறங்கிய வலி மறுநாளே போய்விட்டது. ஆனால் இடுப்பில் உளைவு இருக்கிறது, பெருவிரல் இன்னும் விறைப்பு. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். எல்லாம் வீணா மிஸ்?

பதில்: வீணில்லை, தங்கச்சி. காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது என்றால் நரம்பை அழுத்தியது நீங்கிவிட்டது. மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எலும்பு. திருகாணியும் கம்பியும் உங்களைக் குணமாக்குவதற்கு வைத்தவை அல்ல. கொங்கிறீற் இறுகும்வரை பலகை அடித்து வைக்கிறார்களே, அந்த வேலையைத்தான் அவை செய்கின்றன. நடுவில் வைத்த எலும்புத் துகள்கள் இரண்டு எலும்புகளையும் பற்றி வளர்ந்து ஒன்றாக வேண்டும். அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். 1911ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஹிப்ஸ், அல்பி என்ற இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே இந்தச் சிகிச்சையைச் செய்து அறிக்கையிட்டபோது திருகாணியும் இல்லை, கம்பியும் இல்லை. முள்ளந்தண்டில் காசநோய் வந்தவர்களுக்காகத்தான் தொடங்கினார்கள். எலும்பு சேரும்வரை நோயாளி நெடுநாள் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது. இன்று மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறோம் என்றால் அதற்குக் கம்பிதான் காரணம். ஆனால் எலும்பின் வேகம் அன்று போலத்தான் இன்றும். எலும்பு சேராவிட்டால், வருடக்கணக்கில் அசைவதில் திருகாணி தளரும், கம்பி முறியவும் கூடும்.

அடுத்தது நரம்பு. அழுத்தம் நீங்கியதும் பெரும்பாலும் வலிதான் முதலில் விலகும். பலம் மெல்லத் திரும்பும். விறைப்பு கடைசியில்தான் போகும், வருடக்கணக்கில் நெரிபட்ட நரம்பென்றால் கொஞ்சம் தங்கியும் விடலாம். பெருவிரலைத் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் அது விரைவாகத் திரும்பாது. மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

மூன்றாவது தசை. பத்து வருடம் வலிக்குப் பயந்து முதுகைப் பிடித்தபடி நடந்திருப்பீர்கள். முள்ளந்தண்டை ஒட்டிய தசைகள் அப்போதே மெலிந்துவிட்டன. முதுகுப்பக்கமாகத் திறந்திருந்தால் அவற்றை ஒதுக்கித்தான் எலும்பை எட்டியிருப்பார்கள். இப்போதைய உளைவில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதாக இருக்கும். மருந்து நடைதான். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டுங்கள். காலி வீதி நடைபாதையை நம்ப வேண்டாம், ஒரு கடைக்கு ஒரு உயரம். மரைன் டிரைவ் பரவாயில்லை. சுதந்திர சதுக்கத்தில் நிலம் சமமாக இருக்கிறது. வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியை உங்களைப் பார்த்து ஒருவர் கற்றுத்தர வேண்டும். நான் எழுதி நீங்கள் செய்வது சரிவராது.

வலி முழுதாகப் போகுமா என்பதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள். பலருக்குப் பாதிக்கு மேல் குறைகிறது, முழுதாகப் போகிறவர்கள் குறைவு. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை: எனக்கு 61 வயது. சிகரெட் தொட்டதேயில்லை. வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை மட்டும். அதனால் பாதகமில்லைதானே?

பதில்: பாதகம்தான் ஐயா. எலும்பு சேர்வதைத் தடுப்பது நிக்கொட்டின். புகையாகப் போனாலும் கன்னத்தில் அடக்கினாலும் அது இரத்தத்துக்குத்தான் போகிறது. இலட்சக்கணக்கில் செலவழித்து வைத்த கம்பியை ஒரு சரை புகையிலைக்குத் தோற்காதீர்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதையும் பக்கத்தில் வைத்து யோசியுங்கள்.

பம்பலப்பிட்டி: வங்கி வேலை. எப்போது திரும்பலாம்?

பதில்: கதிரை வேலைக்குப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. முதலில் அரைநாள் கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், வாடிக்கையாளர் பார்த்தால் பார்க்கட்டும்.

மட்டக்குளி: வீட்டில் காஸ் மாற்ற ஆளில்லை. இரண்டு மாதம் முடிந்துவிட்டது. தூக்கலாமா?

பதில்: தூக்கக் கூடாது. 12.5 கிலோ என்பது உள்ளே இருக்கும் காஸ் மட்டும். உருளையின் இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ இரட்டிப்பு. உங்களுக்கு நாலைந்து கிலோவே எல்லை. கொண்டுவருகிறவரிடமே பூட்டித் தரச் சொல்லுங்கள்.

வத்தளை: ஊரில் ஒரு முறிவு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி, புக்கை கட்டினால் கம்பி வைத்த இடம் இறுகும் என்கிறார்.

பதில்: அவர் கை முறிவைப் பொருத்துவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். உள்ளே திருகாணி இருக்கும் முதுகை உருவ அவரிடம் எந்தப் படமும் இல்லை. காயம் ஆறுமுன் எண்ணெயும் இலைச்சாறும் பட்டால் கிருமி உள்ளே போக வழி. நீரிழிவும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. எண்ணெயை மறந்து சீனியைக் கட்டுப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து, எலும்பு சேர்ந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தபின், தோலில் எண்ணெய் தேய்ப்பதற்கு நான் குறுக்கே வரமாட்டேன்.

மருதானை: எப்போது நடக்கலாம்?

பதில்: மேலே இருக்கிறது.

யாழ்ப்பாணம் (தற்போது வெள்ளவத்தை): கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு கிழமை. தையல் பிரித்துவிட்டார்கள். ஊருக்கு எப்படிப் போவது? இரவு பஸ்ஸில் போனால் விடிய வீட்டில் நிற்கலாம்.

பதில்: இரவு பஸ் வேண்டாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நீங்கள் கேட்கும் இடத்தில் நிற்காது, ஒரே ஆசனத்தில் மடங்கிக் கிடப்பீர்கள். நிபுணர் சம்மதித்தால் பகல் ரயில். எழுந்து நடக்கலாம்.

இதற்கு வந்த மறுப்புகளையும் போட்டுவிடுகிறேன்.

வான் வைத்திருக்கும் அன்பர்: ரயில் பெட்டியில் ஏறுவதே மலையேற்றம். வானின் பின் ஆசனத்தில் மெத்தை போட்டு நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். படுத்தால் முதுகுக்குப் பாரமில்லை என்று வைத்தியர்களே சொல்கிறார்கள். நான் இப்படி எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறேன்.

பதில்: படுத்தால் பாரம் குறைவு என்பது சரி, வீட்டுக் கட்டிலில். ஓடும் வானில் பட்டியில்லாமல் படுத்திருப்பவருக்கு அநுராதபுரம் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்து நீங்கள் பிரேக் அடித்தால் என்ன நடக்கும்?

வான் அன்பர்: நான் மெதுவாக ஓட்டுபவன்.

பதில்: மாடு அப்படியல்ல.

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர்: ரயில்தான் சரி. ஆனால் மிஸ் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஓடும் ரயிலில் கழிப்பறைக்குப் போவது சுகதேகிகளுக்கே வித்தை.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். நிலையத்தில் நிற்கும்போது போக வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும். ஏறும்போது பலமான காலை முதலில் வைத்துக் கைபிடியைப் பிடிக்க வேண்டும், பையை மற்றவர் தூக்க வேண்டும். ஆசனம் நடைவழிப் பக்கம்.

வான் அன்பர்: அப்படியென்றால் வானே கூடாதா?

பதில்: கூடும். முன் ஆசனம் சற்றே பின்னால் சாய்ந்திருக்கட்டும், பட்டி கட்டாயம், இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறு தலையணை. புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று மட்டும் நிறுத்தினால் போதாது, மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். கெண்டைக்காலில் இரத்தம் கட்டாமலிருக்க இருக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு வரட்டும். நோ மாத்திரை மலச்சிக்கலும் தரும், தண்ணீர் குடிக்கட்டும். இந்த நிபந்தனையெல்லாம் ஏற்றால் உங்கள் வானுக்கு என் ஆசீர்வாதம்.

வெள்ளவத்தை, வேறொருவர்: அவர் இன்னும் ஒரு மாதம் கொழும்பில் நின்றால் என்ன என்று சிலர் சொல்லக்கூடும். அவர் நிற்பது எங்கள் வீட்டில். இரண்டு அறைதான். ரயிலோ வானோ, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் மிஸ்.

பதில்: மெத்தையும் நடைவழியும் கொடுத்த உங்களுக்குத்தான் முதல் நன்றி. நிபுணரிடம் திகதி கேட்கச் சொல்லுங்கள். அதுவரை அவரைத் தினமும் வீட்டுக்கு வெளியே நடக்க அனுப்புங்கள். இருவருக்கும் நல்லது.

வான், ரயில் பற்றி இனிக் கடிதம் எடுக்கமாட்டேன்.

கொள்ளுப்பிட்டி: 38 வயது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "தட்டுத் தேய்வு" என்று எழுதியிருக்கிறது. காலுக்கு வலி இல்லை, இடுப்பு மட்டும். கம்பி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: கொஞ்சம் பொறுங்கள். தட்டு என்பது இரண்டு முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், ஐம்பது வயதினரில் 80 சதவீதத்தினருக்கும் படத்தில் தட்டுத் தேய்வு தெரிந்தது. நரை விழுவதற்கு யாரும் சத்திரசிகிச்சை செய்வதில்லை. எலும்பு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியிருந்தால், முள்ளந்தண்டு நிலைகுலைந்து நரம்பை நெரித்தால், வளைவு கூடிக்கொண்டே போனால், எலும்புகளைச் சேர்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. இடுப்பு உளைவுக்கு மட்டும் என்றால், நோர்வேயிலும் பிரித்தானியாவிலும் சத்திரசிகிச்சையைத் தீவிரமான பயிற்சித் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. சுவீடனில் சத்திரசிகிச்சை முந்தியது, ஆனால் அங்கே ஒப்பிட்டது வழமையான சாதாரண சிகிச்சையோடு. ஒழுங்கான பயிற்சியை மூன்று மாதமாவது செய்தீர்களா? ஒரு நாள் போய், சூடு வைத்துவிட்டு வந்ததைச் சொல்லவில்லை. இன்னொரு நிபுணரையும் சனல் செய்து பாருங்கள். சேர்த்த இரண்டு எலும்புகளை மறுபடி பிரிக்க முடியாது, அவற்றின் அசைவை மேலும் கீழும் உள்ள மூட்டுகள்தான் ஈடுசெய்ய வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தாம்பத்தியம்?

பதில்: கேட்டது நல்லது, கேட்காமல் பயந்திருப்பவர்கள்தான் அதிகம். பலருக்கு ஆறு கிழமையளவில் முடிகிறது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் மல்லாந்து, முழங்காலுக்குக் கீழே தலையணையோடு இருக்கட்டும். வளைவதும் முறுக்குவதும் மற்றவர் பங்கு.

கொம்பனித்தெரு: பாமசியில் டைக்குளோபினக் நோ மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: நிபுணரைக் கேட்காமல் வேண்டாம். அந்த வகை மாத்திரைகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் முதல் மாதங்களில் பலர் தவிர்க்கச் சொல்கிறார்கள். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தனியே கேடு.

ஜிந்துப்பிட்டி: கம்பி வைத்து ஐந்து மாதம். செடில் காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறேன்.

பதில்: முதுகுத் தோலில் கொக்கி, பின்னாலிருந்து ஒருவர் இழுப்பு, அடியில் திருகாணி. இதை நினைக்கவே எனக்கு முதுகு கூசுகிறது. முருகன் கடன்காரரைப் போல வட்டி கேட்கமாட்டார். ஆடிவேல் ரதம் போகும்போது பின்னால் முடிந்த தூரம் நடந்து வாருங்கள். விழுந்து கும்பிடுவதும் பிரதட்டையும் இப்போது இல்லை.

கிராண்ட்பாஸ்: புகைத்தலை ஒரு நாளைக்கு இரண்டாகக் குறைத்துவிட்டேன்.

பதில்: கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு எழுதியதைப் படியுங்கள். பூச்சியம் என்பதும் ஓர் எண்தான்.

தெமட்டகொடை: எப்போது நடக்கலாம், எப்போது தூக்கலாம்?

பதில்: மேலே, மேலே.

இரத்மலானை: பாயில் படுத்தால் முதுகு நிமிரும் என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: படுப்பதில் சிக்கலில்லை, தரையிலிருந்து எழும்புவதில்தான் முதுகு மடங்குகிறது. முதல் மூன்று மாதம் கட்டில். முழுதாகப் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். மெத்தை நடுத்தர இறுக்கம் போதும், பலகைபோல வேண்டாம். கழிப்பறை குந்தும் வகையென்றால் மேலே வைக்கும் கொமட் கதிரை வாங்குங்கள். மாமியாருக்கும் அது பின்னால் உதவும்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி: லிப்ட் பழுது. மூன்று கிழமையாகக் கீழே இறங்கவில்லை. படி ஏறினால் திருகாணி கழன்றுவிடுமா?

பதில்: கழலாது. கைபிடியைப் பிடித்து, ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது பலவீனமான கால் முன்னால், தட்டுக்குத் தட்டு நின்று. கையில் எதையும் தூக்காதீர்கள், மரக்கறிப் பை உட்பட. மூன்று கிழமை வீட்டுக்குள் கிடப்பதுதான் படியைவிடக் கெடுதல். இன்றைக்கே ஒரு மாடி இறங்கி ஏறுங்கள், நாளைக்கு இரண்டு.