பனி பெய்தும் மண் காய்கிறதே: மார்கழி, தை மாதத் தோட்டக் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பிறகு, கோடை மழை எட்டிப் பார்க்கும் வரை, சேலம் வட்டாரத்தில் மண்ணை நனைக்கும்படியான மழை அரிது. காலையில் புல்லெல்லாம் பனியில் நனைந்திருப்பதால் தோட்டத்தில் ஈரம் இருப்பதாகவே தோன்றும். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தத் தோற்றத்தால் எழுந்தவை.

மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டிகளில் இட்லிப்பூவும் ரோஜாவும் வைத்திருக்கிறேன். நாள்தோறும் போர் தண்ணீர் ஊற்றியும் இலை நுனி கருகுகிறது. தளிர் மஞ்சளாக வருகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. தண்ணீர் போதவில்லையா?
(வாசகி, அஸ்தம்பட்டி)

அந்த வெள்ளைப் படிவத்திலேயே விடை இருக்கிறது. மேக்னசைட் வெட்டியெடுக்கும் குன்றுகளை ஒட்டிய ஊர் நம்முடையது. இங்குப் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத் தன்மை மிக்கது. வறண்ட காற்றில் தொட்டியின் ஈரம் விரைந்து ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகிறது, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதால் மேல்மண் நனைகிறதே தவிர, உப்பு அடித்துளை வழியாக வெளியேற வழியில்லை. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது, நுனிக்கருகல் அதனால்தான்.

மேலே ஓர் அங்குல மண்ணைப் படிவத்தோடு சுரண்டி எடுத்துவிட்டு மக்கிய தொழுவுரத்தால் நிரப்புங்கள். பிறகு காவிரிக் குடிநீரோ சேமித்த மழைநீரோ கொண்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிய விடுங்கள். அதன் பின் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, செம்மண் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும், அடியில் வழியும் அளவுக்கு ஊற்றினால் போதும். நாள் கணக்கு வைத்து ஊற்ற வேண்டாம்.

தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளியுங்கள். இரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் பழக்கத்தைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பு சேர்க்கும் அந்த வேலையை விட்டுவிடலாம்.

வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு வயது மல்கோவா மாமரம் நிற்கிறது. மண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டதால் தண்ணீர் கட்டலாமா? பூ இன்னும் வரவில்லை.
(வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

இப்போது கட்டாதீர்கள். பூ மொட்டு உருவாவதற்கு மாமரத்துக்கு இந்த வறட்சியும் இரவுக் குளிரும் உதவி செய்கின்றன. பூக்கும் முன்பு தாராளமாகத் தண்ணீர் கிடைத்தால் மரம் பூவை விட்டுத் தழையைத் தள்ளும். பங்குனியில் பச்சைக் குடையாக நிற்கும் மரத்தைப் பார்த்து வருந்துவதில் பயனில்லை. வேர் ஆழம் சென்ற வளர்ந்த மரம் இந்த வறட்சியைத் தாங்கும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை, தண்டை ஒட்டி விடாமல், கிளைகளின் ஓரம் நிழல் விழும் வட்டத்தில் பாய்ச்சுங்கள். நான்கைந்து வயதுக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றைக் காய விடக்கூடாது.

பூங்கொத்து வந்ததும் இரண்டைக் கவனியுங்கள். கொத்தைத் தட்டினால் ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் துள்ளிப் பறந்தால் தத்துப்பூச்சி. மாவு தூவியது போல் வெண்மை தெரிந்தால் சாம்பல் நோய். முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலும், பின்னதற்கு ஒரு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகமும் தொடக்க நிலையில் போதும். பூ முழுவதும் விரிந்திருக்கும் நாட்களில் எதையும் தெளிக்க வேண்டாம். ஈயும் தேனீயும் வந்தால்தான் காய்.

சில்வர் ஓக் நிழலில் சென்ற ஆனி மாதம் அராபிகா காபிக் கன்று நட்டோம். விடிந்து வெகுநேரம் மூடுபனி நிற்கிறது, இலையெல்லாம் சொட்டுகிறது. இதற்கு மேலும் தண்ணீர் விட வேண்டுமா?
(வாசகர், நாகலூர், ஏற்காடு)

விட வேண்டும். ஓர் இரவில் படியும் பனியைத் திரட்டினால் அரை மில்லிமீட்டர் உயரம் தேறுவதே பெரிது. மரத்திலிருந்து சொட்டுவதும் கீழே கிடக்கும் சருகின் மேல் அடுக்கை நனைத்துவிட்டு, பத்து மணி வெயிலில் ஆவியாகிவிடுகிறது. சருகை விலக்கி ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மண் பொடியாக வந்தால் கன்றுக்கு அன்றே தண்ணீர் தேவை. அந்தச் சருகைக் கூட்டி எரித்துவிடாமல், கன்றைச் சுற்றித் தண்டில் படாதபடி அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள். மேற்கு வெயில் படும் பக்கத்தில் தழைக்கொத்துகளை ஊன்றி மறைப்புக் கட்டுங்கள்.

காய்க்கும் செடிகளின் கணக்கு வேறு. அவற்றின் பூ மொட்டு இந்த வறட்சியில் உறங்கி, பங்குனி, சித்திரை வாக்கில் மொட்டை மலர்த்தும் 'பூ மழை' 25 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்த எட்டு, பத்து நாளில் மலர்கிறது. இடையில் அரைகுறையாகத் தண்ணீர் தெளித்தால் மொட்டு ஒன்றும் பாதியுமாக விழித்துக் கெடும். நிழல் மரக் கிளைகளை இப்போது கழிப்பதும் தவறு. மிளகுக் கொடிக்கு வெளிச்சம் வேண்டுமென்று சிலர் கழிக்கிறார்கள். வெயில் நேரே படும் காபித் தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு நாடி வருகிறது. கிளை கழிப்பதைத் தென்மேற்கு மழை தொடங்கும் காலத்துக்குத் தள்ளி வையுங்கள்.

ஏற்காட்டில் பூத்துக் குலுங்கிய ஹைட்ரேஞ்சியாவை வாங்கி வந்தேன். சேலத்தில் ஒரே வாரத்தில் நண்பகல் தோறும் துவள்கிறது.
(வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்)

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இரண்டுக்கும் வெப்பத்தில் ஏழெட்டு டிகிரி வேறுபாடு உண்டு. அகன்ற இலை இழக்கும் ஈரத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியவில்லை. துவளும் போதெல்லாம் ஊற்றினால் வேர் அழுகும். மாலையில் தானாக நிமிர்கிறதா என்று பாருங்கள்; நிமிர்ந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். கிழக்குப் பார்த்த, பத்து மணிக்கு மேல் வெயில் படாத இடத்துக்கு மாற்றி, பூங்கொத்துகளைக் கத்தரித்துவிடுங்கள். தை, மாசி வரை தாங்கும். சித்திரை வெயிலைத் தாண்டும் என்று என்னால் நம்பிக்கை சொல்ல முடியவில்லை. அங்கே கண்ட அழகை எல்லாம் இங்கே வாங்கி வர வேண்டியதில்லை.

தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறோம். பனிக்காலத்தில் நிறுத்தி வைக்கலாமா? ஓலையில் கறுப்பாகவும் படிகிறது.
(வாசகர், வாழப்பாடி)

நிறுத்தக் கூடாது. இப்போதைய வறட்சியின் விளைவு பல மாதம் கழித்துக் குரும்பை உதிர்வாகத் தெரியும். அப்போது காரணத்தைத் தேடினால் கிடைக்காது. காய்க்கும் மரத்துக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் கொடுங்கள். ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரிமட்டைகளின் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினால் ஈரம் நிற்கும். கறுப்புப் படிவம் சுருள் வெள்ளை ஈயின் கழிவில் வளரும் பூசணம். ஓலையின் அடிப்புறத்தில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சி, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். இரசாயன மருந்து அடித்தால் அந்த ஈயை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து மடியும்.

குண்டுமல்லியை எப்போது கவாத்து செய்வது?
(வாசகர், பனமரத்துப்பட்டி)

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரிக்குள். முன்னதாகத் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, தொழுவுரம் இட்ட பிறகு பாய்ச்சுங்கள். பங்குனியில் பூ எடுக்கலாம்.

வரவேற்பறை மணி பிளான்ட் இலையில் நுண்ணிய வெளிர்புள்ளிகள். தூசு என்று துடைத்தும் போகவில்லை.
(வாசகி, சூரமங்கலம்)

வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது சிவப்புச் சிலந்தி. வறண்ட காற்றில் பெருகுவது. தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, இலையின் அடிப்புறம் கழுவும்படி தண்ணீர் அடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரு வாரம் செய்தால் மருந்து தேவைப்படாது.