டெப் போதுமா, லெப்டொப்தான் வேணுமா?

கேள்வி: மகள் ஏ.எல். முடித்து கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் போகப் போகிறாள். லெப்டொப் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. டெப் ஒன்று போதாதா? முந்தி வந்த சின்ன நெட்புக் இப்போதும் கிடைக்குமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நெட்புக்கை மறந்துவிடுங்கள். 2007இல் ஏசஸ் ஈ-பீசி 7 அங்குலத் திரையோடு வந்து ஓகோவென்று ஓடியது, 2010இல் ஐபேட் வந்ததும் ஆட்டம் கண்டது, 2013 அளவில் அந்த வகையே கடைகளில் இல்லாமல் போனது. இப்போது அந்த இடத்தில் 4 ஜிபி ரேம் (வேலை நேரத்து நினைவகம்), 64 ஜிபி சேமிப்போடு மலிவான சின்ன லெப்டொப்புகள் இருக்கின்றன. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த அளவே அதுதான் என்பதால், அப்டேட் வந்தாலே இடமில்லை என்று நின்றுவிடும்.

டெப் மோசமில்லை. பீடிஎஃப் படிக்க, சூம் வகுப்புக்கு, கரண்ட் போன நேரத்தில் சார்ஜ் தாங்க அதுதான் நல்லது. ஆனால் இருபது பக்க ஒப்படையை அடிக்குறிப்போடு தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள், பிள்ளை அழுதுவிடும்! கீபோர்டும் பேனாவும் தனியாக வாங்கினால் விலையும் லெப்டொப் பக்கம் போய்விடும்.

என்னைக் கேட்டால், பாவித்த லெப்டொப். உள்ளே இருக்கும் புரொசசர் (லெப்டொப்பின் மூளை) இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ பாருங்கள். அதற்கு முந்தியவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபரோடு முடிந்தது. 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி சேமிப்பு இருக்கட்டும். காசு கொடுக்க முன் சார்ஜரைக் கழற்றிவிட்டு, சார்ஜ் தாங்குகிறதா என்று கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.