கடைக்குட்டிகள் பொறுப்பில்லாமல் இருப்பதற்குப் பிறப்பு வரிசைதான் காரணமா?

நீங்கள் வீட்டில் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும். "தம்பிக்கு 22 வயதாகியும் பொறுப்பு வரவில்லை, கடைக்குட்டி என்பதாலா?" என்று மூத்தவர்கள்தான் கேட்பார்கள். நான் நடுப்பிள்ளை. மேலே அண்ணன், கீழே தங்கை. இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

எங்களுக்கு அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். "பெரியவன் பொறுப்பானவன், சின்னவன் ஊர்சுற்றி" என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் பிளஸ் டூ முடித்த சமயம் அண்ணன் கட்டுமான வேலைக்குச் சிங்கப்பூர் போனார். கொஞ்ச நாளில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்பினார், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் நகைக்கடனுக்கு வட்டி கட்டித் திருப்பி வைப்பது, அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, நடவுக்கு ஆள் பார்ப்பது எல்லாம் என்னிடம் வந்தது. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அம்மாவே என்னைத்தான் கேட்பார். அதற்கப்புறம் யாரும் என்னை ஊர்சுற்றி என்று சொன்னதில்லை. அண்ணனோ, அவருடைய அறை நண்பர்கள் சொல்வதைக் கேட்டால், அங்கே எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஆள். வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு வீட்டுக் கதையை வைத்துப் பேசுகிறேன் என்று யாராவது வருவார்கள். சரி, 2015-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் 20,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். பொறுப்புணர்வு, கலகலப்பு, பதற்றம் எதிலும் மூத்தவர், இளையவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. அறிவுத்திறனில் மட்டும் மூத்தவர்கள் ஒரு துளி முன்னால் இருந்தார்கள். அந்தத் துளிக்கும் ஒரு காரணம் உண்டு. 2007-ல் வந்த நார்வே ஆய்வில் ராணுவச் சேவைக்கு வந்த சுமார் 2,40,000 இளைஞர்களைப் பார்த்தார்கள். மூத்த குழந்தையைச் சிறு வயதிலேயே இழந்த வீடுகளில், மூத்தவராக வளர்ந்த இரண்டாவது பிள்ளையின் மதிப்பெண் தலைச்சன் பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது. அது குணத்தைப் பற்றிய ஆய்வு இல்லை, தெரியும். வெளிநாட்டுக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்டாலும் நியாயம்தான். ஆனாலும் எண்ணிக்கையில் எத்தனையாவதாகப் பிறந்தோம் என்பதைவிட, வீட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதுதான் பெரிது என்று அதைப் படித்தபோது எனக்கு உறுதியாகத் தோன்றியது.

வரிசை உண்மையிலேயே ஆளைப் பாதிக்கிற இடம் வேறு. முதல் பட்டதாரி சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அது எனக்குக் கிடைத்தது, அதனாலேயே தங்கைக்குக் கிடைக்கவில்லை. அதே வீடு, அதே வருமானம், அப்பா படுக்கையில். எனக்குப் பின்னால் பிறந்தாள் என்பதற்காக அவள் முழுக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. இதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உங்கள் தம்பிக்கு வருவோம். வீட்டில் அவர் கையில் என்ன வேலை இருக்கிறது? கரண்ட் பில், அப்பாவின் மருந்து, கேஸ் புக்கிங், ஏதாவது ஒன்றை முழுதாக அவரிடம் விடுங்கள். ஒருமுறை தவறினால் நீங்கள் ஓடிப்போய்ச் செய்யாதீர்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் அவரே போய்க் கட்டட்டும்.