யூடியூப் நேரலை வருமானத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: வயது 27, ஊர் மதுரை. தனியார் வேலையில் 28,000 ரூபாய் சம்பளம். இரவில் யூடியூபில் கேம் நேரலை செய்கிறேன்; போன வருடம் சராசரியாக மாதம் 40,000 வந்தது. குறைந்தது 14,000, கூடியது 78,000. முகூர்த்த நாட்களில் கல்யாண நேரலைக்கு ஸ்விட்சர் (பல கேமராக்களின் காட்சியை மாற்றி மாற்றிக் காட்டும் கருவி) ஆபரேட்டராகவும் போகிறேன். வீட்டுச் செலவு 22,000. வேலையை விட்டுவிட்டு, 3.2 லட்சத்துக்கு கேமரா, ஸ்விட்சர், லேப்டாப் இஎம்ஐயில் வாங்கலாமா?

பதில்: இப்போது வேலையை விடாதீர்கள். இஎம்ஐ பக்கமே போகாதீர்கள். 40,000ஐ மறந்துவிட்டு 14,000ஐப் பாருங்கள். 3.2 லட்சத்தை 16% வட்டியில் 24 மாதத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 15,700. அந்த மாதம் வந்த யூடியூப் பணம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்கே 1,700 துண்டு விழும். அரிசி, பால், வாடகைக்கு எங்கே போவீர்கள்?

இறங்குமுகம் எப்போது வரும் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. பண்டிகை சீசன் முடிந்ததும் ஜனவரியில் விளம்பர விலை சரியும். ஜனவரி வருமானத்தை யூடியூப் பிப்ரவரி 21க்கும் 26க்கும் இடையில்தான் அனுப்பும். வங்கியில் ஏற இன்னும் சில நாள். பொங்கல் செலவு முடிந்து கை காய்ந்திருக்கும்போது வருவது அந்தச் சின்னத் தொகைதான். அதனால் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவான 1.32 லட்சத்தைத் தனிக் கணக்கில் சேருங்கள். பிறகு, சம்பளத்தைத் தொடாமல் ஒரு ஆடியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நேரலைப் பணத்திலேயே குடும்பம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வேலையை விடலாம்.

கேமராவை வாடகைக்கு எடுத்து, அந்தத் தொகையைக் கல்யாண வீட்டுக் கொட்டேஷனில் சேர்த்துவிடுங்கள். பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். சொந்தமாக வாங்க வேண்டியது ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், இரண்டு வேறு கம்பெனி சிம். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில் ரவுட்டர் அணைந்துவிடும்; திரும்ப எழ ஒன்றிரண்டு நிமிடம். தாலி கட்டுவது அதில் போய்விட்டால், துபாயிலிருந்து பார்க்கும் அண்ணனுக்கு என்ன சொல்வீர்கள்? பாக்கிப் பணமும் வராது. கல்யாண நேரலையை உங்கள் கேம் சேனலில் விடவே வேண்டாம். ரிசப்ஷனில் ஒலிக்கும் சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமைப் புகார் வந்தால், சோறு போடும் சேனலின் நேரலையே முடங்கலாம்.

2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், சம்பளமும் சேர்த்து 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. ரிட்டர்ன் மட்டும் போட்டே ஆகவேண்டும். யூடியூப் பணம் வரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில், டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும் 15% பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24% வரை போகும். இங்கே உங்களுக்கு வரியே வராத வருடத்தில், அங்கே பிடித்ததைக் கழித்துக்கொள்ள வழியில்லை.

இன்னொன்று. பணம் கட்டி ஆடும் ஆப் ஒன்று ஸ்பான்சராக வந்து மொத்தமாகத் தருகிறேன் என்றால் தொடாதீர்கள். 2025ல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் அதை விளம்பரம் செய்பவருக்கே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் உண்டு.