சாக் விழுந்தால் யார் குற்றம்?

கேள்வி: இந்த சீசனில்தான் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்தேன். கான்சஸ் சிட்டி அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் 2025 சூப்பர் பௌலை, அதாவது இறுதி ஆட்டத்தை, ஓட்டிப் பார்த்தால் மனிதர் சாக் (பந்தை எறிவதற்குள் வீழ்த்தப்படுவது) ஆகித் திணறிப்போயிருக்கிறார். அவரைக் காக்க முன்னால் லைனாக நிற்கிற ஐந்து தடியர்கள்தான் காரணம் என்கிறான் நண்பன். டிவியில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. தடியர்கள் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 140 கிலோவை ஒட்டிய உடம்போடு பின்னால் நகர்ந்துகொண்டே மல்லுக்கட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை.

அடுத்த ஆட்டத்தில் பந்தை மறந்துவிடுங்கள். ஐவரில் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்ததும், இரண்டு ஓரத்திலும் நிற்கும் டாக்கிள்களைப் பாருங்கள். உள்ளங்கை எதிராளியின் மார்பில் பதிந்து, கால் அகன்று, முதுகு நிமிர்ந்திருந்தால் கவலையில்லை. எதிராளி தோளைத் தாண்டி, டாக்கிள் இடுப்பைத் திருப்பிக்கொண்டு துரத்தினால் கதை முடிந்தது. அந்தப் பதற்றத்தில் சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 கஜம் அபராதம் வேறு.

மஹோம்ஸின் கதையிலேயே இது தெரியும். 2021 பிப்ரவரியில் டாம்பா பே அணியோடு நடந்த இறுதியில், கான்சஸ் சிட்டியின் வழக்கமான டாக்கிள்கள் எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் இருவருமே காயத்தால் இல்லை. ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். 31-9 தோல்வி, ஒரு டச்டவுன்கூட இல்லை. அந்த ஆண்டே லைனை அடியோடு மாற்றினார்கள்: ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன், க்ரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் எல்லாம் அப்போது வந்தவர்கள். 2023 இறுதியில் எதிரில் பிலடெல்பியா. லீக் ஆட்டங்களில் 70 சாக் எடுத்திருந்த அணி, அன்று மஹோம்ஸை ஒருமுறைகூட சாக் செய்ய முடியவில்லை. 38-35 வெற்றி.

அதே பிலடெல்பியா 2025-இல் 6 சாக் எடுத்து 40-22 என்று வென்றது. அன்று கான்சஸ் சிட்டியின் இடது டாக்கிளாக நின்றவர், சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டாகப் பெயர் வாங்கிய தூனி. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: பிலடெல்பியா பிளிட்ஸே (வழக்கமான நான்கு பேருக்கு மேல் ஆளைப் பாய விடுவது) செய்யவில்லை. நான்கு பேர் பாய்ந்தே லைன் உடைந்ததால், மீதி ஏழு பேர் பின்னால் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை மூடிக்கொண்டார்கள். கூட ஆளை அனுப்பினால் பின்னால் எங்காவது காலியிடம் விழும். மஹோம்ஸுக்கு அதுதான் அல்வா. அன்று அதுவும் கிடைக்கவில்லை.

மீதிக் கால்வாசி குவார்ட்டர்பேக்கின் பாடு. டாக்கிள் எதிராளியை வெளிப்பக்கம் வளைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, முன்னேறி நிற்க வேண்டியவர் பின்னாலேயே நழுவினால், தானே போய் மாட்டுகிறார் என்று அர்த்தம். சாக் விழும்போது மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். இரண்டு நொடிக்குள் விழுந்தால் பெரும்பாலும் லைன் சொதப்பியிருக்கும். நான்கு தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால், ரீப்ளேயைப் பார்க்காமல் அந்த ஐவரைத் திட்டாதீர்கள்.