வாசகர் கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புதுச் சத்தம்

கேள்வி: போன மாதம் 2012 மாடல் டர்போ கூபே ஒன்றை வாங்கினேன். ஃபோக்ஸ்வாகன்-ஆடி குழுமத்தின் இஏ888 வகை 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 68,000 கி.மீ. ஓடியது. காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் மூன்று விநாடிக்கு, சங்கிலியை உலுக்குவதுபோல் கடகடவென்று சத்தம். அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை. விற்றவர், “ஆறிப்போன இன்ஜின் அப்படித்தான் கத்தும்” என்கிறார். விட்டுவிடலாமா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: விடாதீர்கள். சென்னை வெயிலில் நிற்கும் வண்டிக்குக் குளிரைக் காரணமாகச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்பது பெரும்பாலும் டைமிங் சங்கிலியின் சத்தம். கிராங்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டையும் இணைப்பது அதுதான்.

சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் ஆயில் அடித்தொட்டியான சம்புக்கு இறங்கிவிடும். மறுபடி அழுத்தம் ஏறும் வரை, டென்ஷனரின் தண்டு உள்ளே போய்விடாமல் ஒரு பல்-கொக்கி தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த இன்ஜினின் ஆரம்பத் தலைமுறைகளில் வந்த டென்ஷனரில் அந்தக் கொக்கிதான் பலவீனம். பிறகு நிறுவனமே வடிவத்தை மாற்றிப் புதிய டென்ஷனர் கொண்டுவந்தது. கொக்கி உடைந்தால் சங்கிலி தளர்ந்து பல் தாண்டும். வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். ஃபில்டர் என்ன பிராண்ட் என்று பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உண்டு. மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரம் என்று டப்பாவில் அச்சிட்ட ஆயிலும் கம்பெனி ஃபில்டரும் போட்டு, ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சத்தம் போயிருந்தாலும் அடுத்த வேலையை விட்டுவிட வேண்டாம்: கீழ் டைமிங் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சின்ன கேமரா விட்டால் டென்ஷனர் தெரியும். எந்த வடிவம் போட்டிருக்கிறது, தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். தண்டு ரொம்ப நீண்டிருந்தால் சங்கிலியே தேய்ந்து நீண்டுவிட்டது என்று பொருள்.

மாற்றுவதானால் சங்கிலி, டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கிராங்க் புல்லி போல்ட் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியது. புதுசு போடச் சொல்லுங்கள். கேம்ஷாஃப்ட்டைப் பூட்டும் டூல் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். அதுவரை, மேனுவல் கியர் வண்டியென்றால் சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். வண்டி பின்னுக்கு நகர்ந்து இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றினால் தளர்ந்த சங்கிலி பல் தாண்ட அதுவே போதும்.

கேள்வி: ஐட்லிங்கில் டிக் டிக்கென்று சத்தம். ஒரு மெக்கானிக் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்கிறார், இன்னொருவர் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) என்கிறார். யாரை நம்புவது?
– அண்ணா நகர் வாசகர்

பதில்: சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் குறித்துவையுங்கள்.

நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் பெட்ரோல் மிக அதிக அழுத்தத்தில் போகிறது. இன்ஜெக்டரும் பம்ப்பும் தையல் மெஷின்போல் மெலிதாக, ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும். ஆறியிருந்தாலும் சூடானாலும் பெரிய மாற்றம் இருக்காது. அதுதான் என்றால் கவலை வேண்டாம்.

ஆறியிருக்கும்போது பலமாகக் கேட்டு, பத்து நிமிடத்தில் தேய்ந்து மறைந்தால் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கலாம். இரும்பு சூடாகி விரிந்ததும் சந்து அடைபடுகிறது. ஆறிய இன்ஜினில் கேஸ்கெட் ஓரமாகக் கரி படிந்திருக்கிறதா, ஸ்டட் ஏதும் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டேப்பட் என்றால் எண்ணிப் பார்க்கலாம். கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐட்லிங் 800 ஆர்பிஎம்மில் ஒரு டேப்பட் விநாடிக்கு ஆறேழு முறை தட்டும். கிராங்கோடு சேர்ந்தது என்றால் பதின்மூன்று. போனில் வீடியோ எடுத்து வேகத்தைக் குறைத்துப் போட்டால் எண்ணுவது சுலபம். இடம் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் வாங்குங்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதும் பழைய, நல்ல வழி. பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் தலையைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு வண்டியை வாங்கிவிட்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பேஸ்மெண்டில் நின்றது என்று இப்போதுதான் தெரிகிறது. சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக அடிக்கிறது. பட்டறைக்கு ஓட்டிப் போகலாமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: ஓட்டாதீர்கள். ரேஸ் செய்தும் பார்க்காதீர்கள். பிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஆயில் சூடாகி இளகியபின், லோடு ஏறும்போது வரும் கனத்த சத்தம், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் சத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்போது நிறுத்தினால் கிராங்க் மிஞ்சலாம். இன்னும் சில கிலோமீட்டர் போனால் ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏர் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போனபின் யாராவது ஸ்டார்ட் செய்திருந்தால், தண்ணீர் அமுங்காது, ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் மாதக்கணக்கில் ஓடியும் விடும். அதனால்தான் இப்படிப்பட்ட வண்டிகள் கைமாறும்வரை சத்தம் போடாமல் இருக்கின்றன.

பட்டறையில் கேட்க வேண்டியவை: ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பால் காபி நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று செம்பு, வெள்ளி நிறத் துகள் மிதந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து ஸ்கேனர் மூலம் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். எதை நிறுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. இதைச் சில நொடிகளுக்குமேல் நீட்டக் கூடாது. பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். வளைந்த ராடுள்ள சிலிண்டரில் பிஸ்டன் மேலே முழுதாக வராது; பிளக் துளை வழியே அளவுக்கம்பி விட்டு எல்லாச் சிலிண்டரையும் ஒப்பிட்டால் அந்த ஒன்று தனியே தெரியும். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்துவந்துவிடுங்கள்.

கேள்வி: ஈசிஆரில் ஓவர்டேக் செய்ய அழுத்தினால், டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் சத்தம்.
– திருவான்மியூர் வாசகர்

பதில்: நாக்கிங். பெட்ரோல் மூடிக்கு உட்புறம் பாருங்கள். டர்போ வண்டியில் பெரும்பாலும் 95 ஆக்டேன் கேட்டிருக்கும். பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு அது. அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டு ஓட்டினால், வெயிலில் இன்டேக் காற்றும் சூடாக இருக்கும்போது, கலவை தானாகவே வெடிக்கும். மூடியில் கேட்டிருக்கும் ஆக்டேன் பெட்ரோலை இரண்டு டாங்க் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் பிளக், நாக் சென்சார், இன்டர்கூலர் குழாய்கள், வால்வில் படிந்த கரி என்று பார்க்க வேண்டும். யாராவது முன்பு ஈசியூ ரீமேப் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றுவது) செய்திருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அதுவரை முழு அழுத்தம் வேண்டாம். பிஸ்டன் ஓரம் உடைவது இதனால்தான்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் விசில் அடிக்கிறது.
– போரூர் வாசகர்

பதில்: ஐட்லிங்கில் டிப்ஸ்டிக்கைச் சற்றே தூக்குங்கள். விசில் சட்டென்று நின்றால் இன்ஜின் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. பல இன்ஜின்களில் அது வால்வு கவரின் மேலேயே இருக்கும். ஒரு மணி நேர வேலை. தள்ளிப்போட்டால் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசியத் தொடங்கும், அதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.